ஜெனீவாவுக்குப் போற வழி எங்கட கோட்டுக்குள்ளாலதான் போகுது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கட பத்திரிகையில கொஞ்ச நாளா செம்மணிப் புதைகுழியைப் பற்றியும் காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர வழக்குகளைப் பற்றியும் வாற கடிதங்கள், கட்டுரைகள் எல்லாத்தையும் விடாம வாசிச்சுக்கொண்டு வாறன். அதில கனபேர் திரும்பத் திரும்ப எழுதுற ஒரு கதை இருக்கு, உள்நாட்டு நீதிமன்றத்தில எங்களுக்கு நம்பிக்கை இல்ல, அதால அங்க வழக்குப் போடத் தேவையில்ல, நேர சர்வதேச மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போவம் எண்டு. மேடையிலயும் இதைத்தான் சொல்லுகினம், தேர்தல் வந்தா இன்னும் சத்தமாச் சொல்லுகினம். நம்பிக்கை இல்ல எண்டுறதில எனக்கு மறுப்பில்ல, ஆர்தான் மறுப்பினம். ஆனா அதால வழக்கே போட வேண்டாம் எண்டு சனத்துக்குச் சொல்லுறது பிழை, அதைக் கேட்டு நடக்கிற குடும்பங்களுக்கு அது பிறகு திருத்தேலாத நட்டமாப் போகும். அதைத்தான் விளக்கமா எழுதலாமெண்டு இருந்தனான், கடிதம் நீளமாப் போனாலும் வெட்டாமப் போடுவியள் எண்டு நம்புறன்.

நான் சட்டத்தரணி இல்ல. யாழ்ப்பாணத்தில ஒரு சட்டத்தரணியிட்ட கிளார்க்கா இருந்து இளைப்பாறினனான். மனு டைப் பண்ணி, சத்தியக்கடதாசிக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய், தவணை எழுதி வைச்சு, பைல் கட்டி, இதுதான் என்ர சீவியம். அதால நான் சொல்லப்போறது கடதாசிப் பக்கத்தில நிண்டு பார்த்த ஆளின்ர கதைதான்.

முதல்ல ஒரு விசயத்தை நேராச் சொல்லிப்போட வேணும். எங்களுக்கெண்டு ஒரு மனித உரிமை நீதிமன்றம் வெளிநாட்டில இல்ல. ஐரோப்பாக்காரருக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில இருக்கு, அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கு கோஸ்டாரிக்காவில இருக்கு, ஆபிரிக்காவுக்கு தன்சானியாவில அருஷா எண்ட இடத்தில இருக்கு, ஆசியாவுக்கு மட்டும் அப்பிடி ஒண்டும் இல்ல. ஹேக்கில இருக்கிற சர்வதேச நீதிமன்றத்தில நாட்டுக்கு எதிரா நாடுதான் வழக்குப் போடலாம், ஒரு தாயோ தகப்பனோ போடேலாது. அதே ஹேக்கில இருக்கிற சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின்ர ரோம் சட்டத்தில இலங்கை சேரேல்ல. அப்ப ஒரு தனி ஆள் தன்ர பேரில, தன்ர பிள்ளையின்ர பேரில இலங்கை அரசுக்கு எதிரா முறையிடக்கூடிய இடம் எது எண்டா, பெரும்பாலும் ஐ.நாவின்ர மனித உரிமைகள் குழு, ஜெனீவாவில கூடுற 18 நிபுணர்கள். அது கோட் இல்ல, ஆனா கோட் மாதிரி ரெண்டு பக்கத்தையும் எழுத்தில கேட்டு முடிவு சொல்லும். இலங்கை குடியியல் அரசியல் உரிமைகள் பற்றின சர்வதேச உடன்படிக்கையில 1980ல சேர்ந்தது, தனி ஆக்கள் முறையிடலாம் எண்ட அதின்ர விருப்ப நெறிமுறையில 1997 ஒக்டோபர்ல சேர்ந்து அது 1998 ஜனவரியில இருந்து நடைமுறைக்கு வந்தது. சித்திரவதைக்கு எதிரான குழுவுக்கும் தனி ஆக்கள் முறையிடலாமெண்டு 2016ல ஒத்துக்கொண்டது. எங்கட இந்த மாதிரி வழக்குகளுக்கு முக்கியமா இவ்வளவும்தான் கதவு. மேடையில சொல்லுற மாதிரி பெரிய வாசல் ஒண்டும் இல்ல.

இந்தக் கதவில ஒரு காவல் இருக்கு. விருப்ப நெறிமுறையின்ர 5ஆம் உறுப்புரை, உள்நாட்டில கிடைக்கக்கூடிய பரிகாரங்கள், அதாவது நியாயம் கேட்டுப் போகக்கூடிய சட்ட வழிகள், எல்லாத்தையும் பாவிச்சு முடிச்சிட்டாத்தான் முறைப்பாட்டை எடுப்பம் எண்டு சொல்லுது. உண்மை பொய் பார்க்கிறதுக்கு முதல், ஆர் செய்தவன் எண்டு பார்க்கிறதுக்கு முதல், இந்த முறைப்பாட்டை ஏற்கலாமா எண்டதைத்தான் பார்ப்பினம், அதில தட்டுப்பட்டா உங்கட பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டு ஒரு வரி கூட ஆராயாம பைலை மூடிப்போடுவினம். இது ஜெனீவாக்காரர் எங்களுக்காகக் கண்டுபிடிச்ச சட்டம் இல்ல, 1959ல இன்டர்ஹாண்டல் வழக்கில ஹேக் நீதிமன்றமே இது நாடுகளுக்கிடையில நல்லா நிலைச்ச வழக்காற்று விதி எண்டு சொல்லியிருக்கு. ஐரோப்பாவிலயும் அதுதான், அமெரிக்கக் கண்டத்திலயும் அதுதான், ஆபிரிக்க மனித உரிமைச் சாசனத்தின்ர 56ஆம் உறுப்புரையிலயும் அதுதான்.

எங்கட சனத்துக்கு இது விளங்காத விசயம் இல்ல. ஒரு சின்னக் காணிப் பிரச்சினை, வேலிப் பிரச்சினை எண்டாலும் முதல்ல மத்தியஸ்த சபைக்குப் போய், அங்க சரிவரேல்ல எண்டு ஒரு சான்றிதழ் எடுத்துக்கொண்டு வந்தாத்தான் கோட்டில வழக்கை எடுப்பினம், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில இருந்து அப்பிடித்தான் நடக்குது, சபையில தீர்வு வராதெண்டு முதலே தெரிஞ்ச ஆக்களும் அந்தச் சான்றிதழுக்காகப் போய் நிக்கிறதை நான் கனக்கப் பார்த்திருக்கிறன். ஜெனீவாவும் கிட்டத்தட்ட இதைத்தான் கேக்குது, உங்கட நாட்டில கேட்டியளோ, என்ன சொன்னவை, எங்க பேப்பர் எண்டு.

நான் இந்த விதியை அடியோட பிழை எண்டு சொல்லமாட்டன். ஒரு நாட்டுக்கு தன்ர பிழையைத் திருத்த முதல் சந்தர்ப்பம் குடுக்கிறதில நியாயம் இருக்கு. அதோட உள்ளூர் வழக்கில வாற சாட்சியம் வேற எங்கயும் வராது. செம்மணியையே பாருங்கோ. 1996ல செம்மணிச் சோதனைச்சாவடியில பள்ளிக்கூடப் பிள்ளை ஒண்டையும் தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொலை செய்த வழக்கு கொழும்பில நடந்து, 1998ல தண்டனை குடுக்கேக்க, தண்டனை பெற்ற படையாள் ஒருவர் கோட்டில வாய் திறந்து இன்னும் நூற்றுக்கணக்கான உடல்கள் அங்க கிடக்கெண்டு சொன்னதாலதான் செம்மணி எண்ட பேரே உலகத்துக்குத் தெரிஞ்சது, 1999ல தோண்டி 15 உடல் எடுத்தவை. 2025ல சித்துப்பாத்தி மயானத்தில எலும்பு வந்து தோண்டினதும் யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின்ர மேற்பார்வையிலதான். உள்ளூர்க் கோட்டால ஒரு பிரயோசனமும் இல்லையெண்டு சொல்லுறவை இதை ஒருக்கா யோசிச்சுப் பார்க்க வேணும்.

ஆனா அரசாங்கம் இந்த விதியை என்னத்துக்குப் பாவிக்குது எண்டதும் எனக்குத் தெரியும். இலங்கைக்கு எதிரா ஆர் முறையிட்டாலும் ஜெனீவாவுக்கு அனுப்புற பதிலில முதல் வாற வாதங்களில ஒண்டு இதுதான், வழக்கு இன்னும் உள்நாட்டில நடக்குது, இன்னும் பரிகாரம் முடியேல்ல எண்டு. நடக்குதுதான், இருபது வருசமும் நடக்கும். இந்த இடத்திலதான் எங்கட ஆக்கள் விதியின்ர மற்றப் பக்கத்தை அறிய வேணும். அதே 5ஆம் உறுப்புரையில அடுத்த வரியிலயே, பரிகாரம் நியாயமில்லாத அளவுக்கு இழுபட்டா இந்த விதி பொருந்தாது எண்டும் எழுதிக் கிடக்கு. செத்த கதவைத் தட்டிக்கொண்டே நில் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.

இதை முதல் முதல் அழுத்திச் சொன்ன வழக்குகளில ஒண்டு ஹொண்டுராஸ் நாட்டில நடந்தது. 1981ல ஒரு மாணவனைப் பட்டப்பகல்ல பிடிச்சுக்கொண்டு போய் பிறகு ஆளே இல்ல, வீட்டுக்காரர் ஆட்கொணர்வு மனு, அதாவது பிடிச்ச ஆளைக் கோட்டுக்கு முன்னால கொண்டுவரச் சொல்லிக் கேக்கிற மனு, போட்டும் ஒண்டும் நடக்கேல்ல. அரசு உள்நாட்டுப் பரிகாரம் முடியேல்ல எண்டு நிண்டது. அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை நீதிமன்றம் 1988ல வெலாஸ்கஸ் ரொட்ரிகஸ் தீர்ப்பில சொன்னதை எங்கட ஒவ்வொரு அம்மாவும் அறிய வேணும் எண்டு நான் நினைக்கிறன். ஆளை எந்த இடத்தில, எந்த அதிகாரி வைச்சிருக்கிறார் எண்டு நீங்கள் சொன்னாத்தான் ஆட்கொணர்வு மனு எடுபடும் எண்டு ஒரு நாட்டின்ர சட்டம் சொன்னா, ஒளிச்சுப் பிடிச்சுக்கொண்டு போன ஆளுக்கு அந்த மனு ஒரு பரிகாரமே இல்ல எண்டு அந்தத் தீர்ப்பில இருக்கு. பரிகாரம் பேருக்கு இருந்தாக் காணாது, அந்தப் பிரச்சினைக்குப் பொருந்த வேணும், பலன் தர வேணும். துருக்கியில குர்திஷ் கிராமத்து வீடுகளை எரிச்சதுக்கு ஐரோப்பிய நீதிமன்றம் 1996 செப்டெம்பர்ல அக்திவார் வழக்கில தீர்ப்புச் சொல்லேக்கையும் அப்பிடித்தான், அந்த ஆக்கள் உள்நாட்டில வழக்கே போடாம வந்தவை, ஆனா அவசரகால நிலை, எரிச்சது படை எண்டா விசாரிக்க ஆளில்ல, பயம், இதெல்லாத்தையும் பார்த்து நீதிமன்றம் அவையின்ர முறைப்பாட்டை ஏற்றது. அதோட ஒரு முக்கியமான கணக்கும் சொன்னது, பரிகாரம் இருக்கெண்டு சொல்லுற அரசுதான் அது எங்க இருக்கு, எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்ட வேணும், அதைக் காட்டினதுக்குப் பிறகுதான் நாங்கள் ஏன் பாவிக்கேல்ல எண்டு சொல்ல வேண்டி வரும்.

இன்னொண்டும் இருக்கு, அது எங்கட ஊருக்கு அப்பிடியே பொருந்தும். காசில்லாத ஆளுக்கு சட்ட உதவி கிடைக்காட்டி, அல்லது சட்டத்தரணிமார் எல்லாரும் பயந்து ஒருத்தரும் வழக்கை எடுக்காட்டி, அந்த ஆள் உள்நாட்டுப் பரிகாரத்தை முடிக்கத் தேவையில்ல எண்டு அதே அமெரிக்கக் கண்டத்து நீதிமன்றம் 1990 ஓகஸ்ட்ல ஒரு ஆலோசனைக் கருத்தில சொல்லியிருக்கு. இஞ்ச அந்தக் காலத்தில ஒரு ஆட்கொணர்வு மனுவில கையெழுத்து வைக்க சட்டத்தரணிமார் எவ்வளவு பயந்தவை எண்டு கோட்டுப் பக்கம் நிண்ட எங்களுக்குத் தெரியும். ஆக்களைக் கடத்துற வெள்ளை வான் திரிஞ்ச காலம். அந்தப் பயம் சட்டத்தின்ர கண்ணில ஒரு காரணம். ஆனா அதையும் எழுதி வைச்சிருந்தாத்தான் காரணம், ஆரிட்டப் போனியள், எப்ப போனியள், என்ன சொல்லி ஏலாதெண்டவை எண்டு.

இனி இலங்கையின்ர வழக்குக்கு வாறன். சர்மா வழக்கு எண்டு ஒண்டு இருக்கு, திருகோணமலையில 1990 ஜூனில ஆமி கொண்டுபோன மகனைத் தேடின ஒரு தகப்பன் ஜெனீவாவுக்குக் கொண்டுபோனது. அரசு ரெண்டு விதமாத் தடுத்துப் பார்த்தது. ஒண்டு, நாங்கள் நெறிமுறையில சேர்ந்தது 1997லதான், இது 1990ல நடந்த விசயம் எண்டது. அதுக்குக் குழு, காணாமல் ஆக்கிறது ஒரு நாளில முடியிற விசயம் இல்ல, ஆள் எங்கயெண்டு தெரியும் மட்டும் அது தொடர்ந்து நடக்கிற மீறல்தான் எண்ட மாதிரி எடுத்து ஏற்றது. மற்றது, உள்நாட்டுப் பரிகாரம் முடியேல்ல எண்டது. தகப்பன் இஞ்ச ஆட்கொணர்வு மனு போட்டு அது வருசக்கணக்கா இழுபட்டுக்கொண்டு கிடந்தது, அந்த இழுவையையே குழு காரணமா எடுத்து இது நியாயமில்லாத தாமதம் எண்டு முறைப்பாட்டை உள்ள எடுத்தது. 2003 ஜூலையில வந்த முடிவில மகனுக்கு நடந்தது மீறல், தேடித் திரிஞ்ச பெற்றோர் பட்ட வேதனையும் மீறல் எண்டு சொல்லிச்சு. இப்ப யோசியுங்கோ, அந்த ஐயா இஞ்சத்தைக் கோட்டால ஒண்டும் நடக்காதெண்டு சொல்லி மனுவே போடாம இருந்திருந்தா, எதைக் காட்டி தாமதம் எண்டு சொல்லியிருப்பார்? இழுபட்ட அந்த மனுதான் அவருக்குக் கதவைத் திறந்தது. 2006ல குழு முடிவு சொன்ன இன்னொரு வழக்கு தெற்கில பொலிஸ் அடிச்சு நினைவில்லாமக் கிடந்த ஒரு சிங்களப் பெடியன்ர. அதிலயும் அடிப்படை உரிமை மனுவும் குற்றவியல் வழக்கும் இலங்கையில நடந்துகொண்டுதானிருக்கு எண்டு அரசு சொல்ல, இவ்வளவு காலம் நடக்கிறதே நியாயமில்ல எண்டு சொல்லி ஏற்றவை.

இதுக்கு எதிர்ப்பக்கமும் சொல்லாட்டி நான் நேர்மையா எழுதினதா இருக்காது. எனக்கு நம்பிக்கையில்ல, கோட் பக்கச்சார்பு எண்டு வெறும் வாயால சொன்னா குழு ஏற்காது, அதை அவை எத்தினையோ முடிவுகளில திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கினம். காசில்ல எண்டு மட்டும் சொன்னாலும் பெரும்பாலும் எடுபடாது, சட்ட உதவி கேட்டுக் கிடைக்கேல்ல எண்டு காட்ட வேணும். இன்னுமொரு நுணுக்கம், இஞ்ச கோட்டில எதைச் சொன்னியளோ அதைத்தான் அங்கயும் சொல்லலாம். ஆளைச் சட்டவிரோதமாப் பிடிச்சு வைச்சதெண்டு மட்டும் இஞ்ச மனுவில எழுதிப்போட்டு, அடிச்சதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாம விட்டா, பிறகு ஜெனீவாவில சித்திரவதை எண்டு சொல்லேக்க அரசு சிரிச்சுக்கொண்டு அதை உள்நாட்டில சொல்லவே இல்லையே எண்டும், அது எடுபடும். மனு எழுதுற நேரத்தில அவசரத்தில விடுபடுற ஒரு வரி, பத்து வருசத்துக்குப் பிறகு ஒரு முழு உரிமையையே கொண்டுபோயிடும்.

இப்ப எனக்கு மிச்சம் வயித்தெரிச்சலான விசயத்துக்கு வாறன், ஒரு மாசக் கணக்கு. அரசியலமைப்பின்ர 126ஆம் உறுப்புரைப்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டா ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்தில மனுப் போட வேணும். உயர் நீதிமன்றம் எண்டா கொழும்பு புதுக்கடை, வேற எங்கயும் இல்ல, யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்ல. ஒரு பெடியனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சிட்டினம் எண்டு வைப்பம், முதல் கிழமை எங்க வைச்சிருக்கினம் எண்டு தேடுறதில போகும், பிறகு ஆரோ ஒரு அரசியல்வாதி நான் கதைச்சு எடுத்துத் தாறன், வழக்குக் கிழக்கெண்டு போய் அவங்களைக் கோபப்படுத்தாதேங்கோ எண்டு சொல்லுவார், அதில ரெண்டு கிழமை போகும், பிறகு கொழும்பில சட்டத்தரணி பிடிக்கவேணும், அவருக்குத் தமிழ் தெரியாது, கடதாசியெல்லாம் இங்கிலீசில மாத்த வேணும், பஸ்ஸுக்கும் பீஸுக்கும் காசு தேட வேணும், அதுக்குள்ள மாசம் முடிஞ்சுது. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு இப்பிடித்தான் நடந்தது, ஒரு இடத்தில இருந்த ஆள் அவசரமில்ல ஆறுதலாச் செய்யலாமெண்டு சொல்லிச் சொல்லி நாளைக் கடத்திப்போட்டார், அந்தத் தாய்க்கு அது அப்பிடி ஒரு கெடு இருக்கிற விசயமெண்டே தெரியாது. உங்கட பிழையால பரிகாரம் காலாவதியானா, ஜெனீவா அதைப் பரிகாரம் முடிச்சதா எடுக்காது. அதாவது இஞ்ச ஒரு மாசம் தவறினா அங்கயும் தவறும்.

இதுக்கு ரெண்டு மூண்டு வழி இருக்கு, அதை எல்லாரும் மனப்பாடம் பண்ண வேணும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின்ர 13ஆம் பிரிவு, ஒரு மாசத்துக்குள்ள ஆணைக்குழுவில முறைப்பாடு போட்டா, அங்க விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாசக் கணக்கில சேராது எண்டு சொல்லுது. யாழ்ப்பாணத்தில பிராந்திய அலுவலகம் இருக்கு, முறைப்பாடு போடக் காசில்ல, தமிழில எழுதலாம். ஆனா முறைப்பாடு போட்ட துண்டு மட்டும் காணாது, அங்க விசாரணை உண்மையாவே நடந்துகொண்டிருந்ததெண்டு காட்டவேணும் எண்டு உயர் நீதிமன்றம் பிறகு வந்த தீர்ப்புகளில இறுக்கிப்போட்டுது, அதால அவை கூப்பிடுற கடிதம், போன திகதி, எழுதின வாக்குமூலம் எல்லாத்தின்ரயும் கொப்பி கையில இருக்கவேணும். மற்றது, தடுப்பில இருக்கிற ஆளுக்கு அந்த ஒரு மாசம் விடுபட்டு வெளிய வந்தாப் பிறகுதான் ஓடத் தொடங்கும் எண்டு நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில பிரதம நீதியரசர் சர்வானந்தா சொல்லியிருக்கிறார், ஏலாததைச் செய் எண்டு சட்டம் கேக்காது எண்டது அதின்ர அடிப்படை. இந்தத் தீர்ப்பைச் சொல்லித் தப்பின மனுக்கள் கனக்க. எண்டாலும் அதை நம்பிக்கொண்டு பேசாம இருக்கிறது புத்தியில்ல, உள்ள இருக்கேக்கையே ஆணைக்குழுவில ஒரு முறைப்பாடு விழுந்தா நல்லம்.

அதே 126ஆம் உறுப்புரையில மனுப் போட்டு ரெண்டு மாசத்துக்குள்ள நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி முடிக்க வேணும் எண்டும் இருக்கு, அது ஆருக்கும் தெரியாது. ஏனெண்டா அது வழிகாட்டல் மட்டும்தான், கட்டாயமில்ல எண்டு நீதிமன்றமே சொல்லிப்போட்டுது. சனத்துக்கு வைச்ச ஒரு மாசம் கட்டாயம், கோட்டுக்கு வைச்ச ரெண்டு மாசம் கட்டாயமில்ல. இது அநியாயம், இதை நான் வேற மாதிரிச் சொல்லமாட்டன். எங்கட பாராளுமன்ற உறுப்பினர்மார் உண்மையா ஏதாவது செய்யிறதெண்டா, அடிப்படை உரிமை மனுவை மாகாண மேல் நீதிமன்றத்திலயும் போடலாம் எண்டு மாத்தவும், அந்த ஒரு மாசத்தைக் கூட்டவும் கேட்டுச் சண்டை பிடிக்கட்டும், அது புதிசா ஒரு நீதிமன்றம் கட்டுறதை விடச் சின்ன வேலை.

ஆட்கொணர்வு மனுவுக்கு அந்த ஒரு மாசக் கெடு இல்ல. அரசியலமைப்பின்ர 13ஆம் திருத்தத்தால யாழ்ப்பாணம், வவுனியா மேல் நீதிமன்றங்களிலயும் அதைப் போடலாம். முள்ளிவாய்க்கால் முடிவில 2009 மே மாசம் ஆமியிட்ட சரணடைஞ்ச எழிலனுக்காக அவரின்ர மனைவி அனந்தி சசிதரன் 2013ல வவுனியாவில போட்ட மனுவில தீர்ப்பு வந்தது 2022 டிசம்பர்ல, ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கோ எண்டு ஆமிக்குக் கட்டளை. ஆள் வரேல்ல. ஆனா அந்தத் தீர்ப்பு ஒரு கோட் பதிவு, சரணடைஞ்சவை, கையில குடுத்தவை எண்ட சாட்சியத்தை ஒரு நீதிபதி கேட்டு எடைபோட்டு எழுதின பதிவு, அதை எந்த வெளிநாட்டுப் பொறிமுறையும் சும்மா தள்ளேலாது. ஒன்பது வருசம் எடுத்ததும் ஒரு பதிவுதான். அதாலதான் நான் எல்லாருக்கும் சொல்லுறது, ஒவ்வொரு தவணைக்கும் போங்கோ, ஏன் தள்ளிவைச்சது எண்டு எழுதுங்கோ, சட்டமா அதிபர் பக்கம் ஆள் வரேல்லையோ, அறிக்கை வரேல்லையோ, நீதவான் மாறிப்போனாரோ, எல்லாம் வழக்கேட்டில இருக்கும், பணம் கட்டி அதின்ர சான்றுப்படுத்தின பிரதி எடுத்து வைச்சுக்கொள்ளுங்கோ. அந்தத் தள்ளிவைப்புகள்தான் நியாயமில்லாத தாமதம் எண்டதுக்கு உங்கட அத்தாட்சி.

ஆணைக்குழுக்களைப் பற்றியும் ஒரு கதை. எங்கட அம்மாமார் எத்தினை ஆணைக்குழுவுக்கு முன்னால அழுதிருப்பினம், கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, பிறகு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்த காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகம். அந்த அலுவலகத்துக்குப் போகமாட்டம் எண்டு கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் 2017 பெப்ரவரியில இருந்து றோட்டில இருக்கிற அம்மாமாரில கனபேர் நிக்கினம். அவையளை ஒருத்தரும் இதைச் சொல்லி வெருட்டேலாது, ஏனெண்டா உள்நாட்டுப் பரிகாரம் எண்டு ஜெனீவா முக்கியமாப் பார்க்கிறது நீதிமன்றத்தை. உயிர் போன மாதிரிப் பாரதூரமான விசயங்களில நிர்வாகப் பரிகாரமும் ஒழுக்காற்று நடவடிக்கையும் காணாது எண்டு 1995லயே கொலம்பியா வழக்கொண்டில மனித உரிமைகள் குழு சொல்லியிருக்கு. இந்த மாதிரி விசாரணை ஆணைக்குழுவுக்குப் போகாட்டி உங்கட உரிமை போயிடும் எண்டு ஆராவது சொன்னா நம்ப வேண்டாம். ஆனா ஆணைக்குழுவுக்குப் போனதே காணும் எண்டும் நினைக்க வேண்டாம், அது பல பேர் விடுற பிழை, எல்லா இடமும் குடுத்திட்டம் எண்டு ஒரு கட்டுக் கடதாசி காட்டுவினம், அதுக்குள்ள கோட் கடதாசி ஒண்டும் இராது. கிராம சேவையாளரின்ர (ஜீ.எஸ்) கடிதம், சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின்ர (ஐசிஆர்சி) துண்டு, ஜனாதிபதிக்கு எழுதின மனு, அரச அதிபருக்கு எழுதின மனு. எல்லாம் பெறுமதிதான், எறிய வேண்டாம், ஆனா அதுகளைப் பரிகாரம் முடிச்சதுக்குக் கணக்கில எடுக்கமாட்டினம்.

உள்ளூர் வழக்கில்லாமலே போகக்கூடிய இடமும் ஒண்டு இருக்கு, பலவந்தமாக் காணாமல் ஆக்கப்படுதல் பற்றின ஐ.நா செயற்குழு. அங்க பரிகாரம் முடிச்சியளோ எண்டு கேக்கமாட்டினம், வேலை அரசிட்ட ஆள் எங்கயெண்டு கேக்கிறது. அங்க குடுத்தா மனித உரிமைகள் குழுவுக்குப் போகேலாமப் போயிடுமோ எண்டு சிலர் பயப்பிடுகினம், அப்பிடி இல்ல, அந்தச் செயற்குழுவை குழு இன்னொரு சர்வதேச விசாரணையாக் கணக்கெடுக்கிறதில்ல, பெரு நாட்டு வழக்கொண்டில அதைச் சொல்லியிருக்கினம். ரெண்டையும் செய்யலாம். ஆனா குழுவுக்குப் போறதெண்டா உள்நாட்டில முடிச்சு 5 வருசத்துக்கு மேல தாமதிச்சா, ஏன் பிந்தினது எண்டதுக்குக் காரணம் சொல்ல வேண்டி வரும், அதையும் மறக்க வேண்டாம்.

கடைசியா ஒரு கசப்பான உண்மை. குழுவின்ர முடிவை இஞ்சத்தைக் கோட் நடைமுறைப்படுத்தாது. சிங்கராசா வழக்கில, பொலிஸ் உயர் அதிகாரிக்குக் குடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் வைச்சு 35 வருசத் தண்டனை விதிக்கப்பட்டு உள்ள இருந்த ஒரு தமிழருக்கு நியாயமான விசாரணை நடக்கேல்ல எண்டு குழு 2004ல சொல்லிச்சு. அதைக் கொண்டுவந்து உயர் நீதிமன்றத்தில குடுக்க, 2006 செப்டெம்பர்ல பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில இருந்த நீதிமன்றம், ஜனாதிபதி அந்த நெறிமுறையில சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண், அதுக்கு உள்நாட்டில ஒரு சட்ட வலுவும் இல்லையெண்டு சொல்லிப்போட்டுது. இந்தத் தீர்ப்பு இண்டைக்கும் அப்பிடியே இருக்கு. ஆனா சர்வதேச மட்டத்தில இலங்கை அந்த நெறிமுறையில இருந்து விலகேல்ல, முறைப்பாடு இண்டைக்கும் போடலாம், போட்டா அரசு பதில் சொல்லத்தான் வேணும், முடிவு வந்தா அது பதிவில நிக்கும், பிறகு ஒவ்வொருக்கா இலங்கை அங்க அறிக்கை குடுக்கப் போகேக்கையும் அந்த முடிவுக்கு என்ன செய்தனீ எண்டு கேப்பினம். இதுக்கு மேல அது என்ன செய்யும், என்ன செய்யாது எண்டதை மேடையில நிக்கிறவை சனத்துக்கு மறைக்காமச் சொல்ல வேணும், வயசுபோன அம்மாமாருக்கு இல்லாத நீதிமன்றத்தைக் காட்டி கைதட்டு வாங்கிறது பாவம்.

ஆசிரியர் ஐயா, உங்களிட்ட எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கு. சாதகப் பலனுக்கும் சினிமாவுக்கும் நீங்கள் குடுக்கிற பக்கத்தில கிழமைக்கு ஒருக்கா கால்வாசியைச் சட்டத்துக்கு ஒதுக்குங்கோ. யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிமாரையும் பல்கலைக்கழகச் சட்டத்துறைப் பிள்ளைகளையும் கேட்டா எழுதித் தருவினம், ஆட்கொணர்வு மனு எப்பிடிப் போடுறது, வழக்கேட்டுப் பிரதி எப்பிடி எடுக்கிறது, சட்ட உதவி ஆணைக்குழுவிட்ட எப்பிடிப் போறது, மனுவில என்னென்னத்தை விடாம எழுத வேணும் எண்டு. சட்டத்தரணிகள் சங்கமும் மாசத்தில ஒருநாள் அந்தப் போராட்டக் கொட்டில்களுக்கே போய் இருந்து அம்மாமாரின்ர பைலைப் பார்த்து எதில கோட் கடதாசி இல்லையெண்டு பிரிச்சுக் குடுத்தா பெரிய உதவி, அவையள் ஏறி இறங்கித் திரியிற வயசில்ல இப்ப. நீங்கள் போடுற முதல் கட்டுரை அந்த ஒரு மாசக் கணக்கைப் பற்றினதா இருந்தா நல்லம், ஏனெண்டா இண்டைக்கும் எங்கயோ ஒரு வீட்டில அது ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
இளைப்பாறிய சட்டத்தரணி கிளார்க் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.